மகனிடம் ‘கண்ணுல தூசி’ என்று சொன்னவருக்கு

வந்த கேள்வி நீளமானது. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கேட்டவருக்கு 34 வயது. அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கு வீடே கதறியபோது இவர் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. ஆக வேண்டிய காரியங்களை ஓடியாடிப் பார்த்தார். “நீ உடைஞ்சுட்டா அம்மாவை யாரு பாத்துக்கறது” என்று பெரியவர்கள் தோளைத் தட்டினார்கள். இப்போது வண்டி ஓட்டும்போது, சவரம் செய்துகொள்ளும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. போன வாரம் மனைவி முன்னால் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார். ஐந்து வயது மகன் வந்து “ஏம்ப்பா அழறே?” என்று கேட்டிருக்கிறான். “கண்ணுல தூசிடா” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அவர் கேட்பது: நான் பலவீனமாகிவிட்டேனா? அன்றைக்கு வராத அழுகை இப்போது ஏன் வருகிறது? மகனிடம் அப்படிச் சொன்னது சரியா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் பலவீனமாகவில்லை. அன்றைக்கு அழாததால் அப்பா மேல் பாசம் இல்லை என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் மூன்று இடத்தில் “அன்னைக்கு நான் அழவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் உங்களை அதிகமாக அரிக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பத்தொன்பது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். என் எதிரில் உட்கார்ந்து அழுத ஆண்களுக்குக் கணக்கு வைத்ததில்லை. ஆனால் அழுகை வருவதற்கு முந்தைய அரை நிமிடம் எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். பேச்சு பாதியில் நிற்கும். கண் மேலே போய் விட்டத்தைப் பார்க்கும். இமை வேகவேகமாக அடித்துக்கொள்ளும். தாடை இறுகும், கன்ன எலும்புக்குக் கீழே ஒரு தசை துடிப்பது தெரியும். கை தானாக மூக்குக்குப் போகும். சிலர் தண்ணீர் கேட்பார்கள். ஒருவர் அந்த நேரத்தில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். நன்றாகத்தான் மாட்டியிருந்தது. இவ்வளவையும் தாண்டிக் கண்ணீர் வந்துவிட்டால், வந்தவுடன் சொல்கிற முதல் வார்த்தை “சாரி சார்.” அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். பெண்களும் சில சமயம் சொல்வதுண்டு. ஆனால் ஆண்கள் சொல்லும்போது அதில் பிடிபட்டுவிட்ட ஒரு தொனி இருக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், இவர் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார், எத்தனை வயதில் இந்த மன்னிப்பைக் கற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வெட்கம் போய்விடும். நம் கண்ணில் மூன்று வகைக் கண்ணீர் இருக்கிறது. விழி காயாமல் எப்போதும் ஈரமாக வைத்திருப்பது ஒன்று. புகையோ வெங்காய நெடியோ பட்டால் வருவது இன்னொன்று. மூன்றாவது மனம் கலங்கினால் வருவது. உணர்ச்சியால் கண்ணீர் விடும் உயிரினம் மனிதன் மட்டும்தான் என்பது இதுவரை ஆராய்ச்சியாளர்கள் கண்டது. மற்ற விலங்குகள் அரற்றும், முனகும், ஆனால் துக்கத்தில் கண்ணீர் வடிப்பதில்லை. பிறந்த குழந்தைக்கும் முதல் சில வாரங்கள் அழுகைச் சத்தம் மட்டும்தான், கண்ணீர் பிறகுதான் வரத் தொடங்கும். கண்ணீர் கண்ணின் உள்மூலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அதனால்தான் முகத்தை எவ்வளவு திருப்பினாலும் மூக்குறிஞ்சும் சத்தம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொண்டையில் கட்டி மாதிரி அடைக்கிறதே, அதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கம் இது: உணர்ச்சி பொங்கும்போது உடம்பு அதிகக் காற்றை இழுப்பதற்காகக் குரல்வளையின் வாய் விரிகிறது. நாமோ அழுகையை விழுங்கப் பார்க்கிறோம். விழுங்க வேண்டுமென்றால் அந்த வாய் மூட வேண்டும். விரியவும் மூடவும் ஒரே நேரத்தில் இழுபடும் தசைகளைத்தான் நாம் ‘தொண்டை அடைக்குது’ என்கிறோம்.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பியைப் பெரும்பாலும் இயக்குவது, உடம்பு ஓய்வுக்குத் திரும்பும்போது வேலை செய்யும் நரம்புப் பிரிவு. ஆபத்திலும் அவசரத்திலும் ஓடவைக்கும் பிரிவு வேறு. அப்பா இறந்த அன்று நீங்கள் முழுக்க முழுக்க அந்த இரண்டாவதன் கையில் இருந்தீர்கள். யாருக்குச் சொல்வது, யாரை அழைத்து வருவது, எந்தக் கையெழுத்து எங்கே என்று மண்டைக்குள் பட்டியல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். போதாததற்கு ‘நீ உடையக் கூடாது’ என்ற உத்தரவு வேறு. விபத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாயும் அந்த நேரத்தில் அழுவதில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சுவரில் சாய்ந்து அழுவாள். உங்களுக்கு அந்தச் சுவர் கிடைக்க ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

வண்டியில் ஏன் வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வரும் ஆண்களில் வண்டியில் அழுவதாகச் சொல்பவர்கள் நிறைய. பார்வை சாலையில் இருக்கிறது, எதிரில் முகம் கிடையாது, யாரும் தோளைத் தட்டித் தைரியம் சொல்லப்போவதில்லை. சவரம் செய்யும்போது வருவதும் அப்படித்தான், கதவு சாத்தியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் முகத்தில் அப்பாவின் தாடை இருக்கிறதோ என்னவோ, அது உங்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: பார்வை மங்கும் அளவுக்கு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

இனி ஆண், பெண் விஷயத்துக்கு வருகிறேன். 1980களில் அமெரிக்காவில் வில்லியம் ஃபிரே என்ற உயிர்வேதியியலாளர் ஆட்களிடம் நாட்குறிப்பு மாதிரி அழுகைக் கணக்கு எழுதச் சொன்னார். பெண்கள் சராசரியாக மாதத்துக்கு 5 முறைக்கு மேல் அழுதார்கள், ஆண்கள் ஒன்றரை முறைகூட இல்லை. இதைப் பார்த்து ‘இயற்கையே அப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடலாம். உடம்புக்கும் இதில் பங்கு இருக்கலாம். பால் சுரக்க உதவும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெண்களிடம் அதிகம், அதற்கும் அழுகைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து உண்டு. ஆண்களிடம் அதிகமுள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அழுகையை மட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஆண் குழந்தை குறைவாகவெல்லாம் அழுவதில்லை. பதின்வயதை ஒட்டித்தான் இடைவெளி நன்றாக விரிகிறது. பையன்கள் அழுவதை நிறுத்தத் தொடங்கும் வயது அது. ஹார்மோன் பொங்கும் வயதும் அதுதான், கூட இருக்கும் பையன்கள் கேலி செய்வார்களே என்ற பயம் உச்சத்தில் இருக்கும் வயதும் அதுதான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

ஆனால் ஒரு சான்று என்னை நிறைய யோசிக்க வைத்தது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட் விங்கர்ஹூட்ஸ் என்பவர் அழுகையைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 37 நாடுகளில் திரட்டிய விவரங்களை 2011இல் வெளியிட்டார்கள். எல்லா நாடுகளிலும் பெண்களே அதிகம் அழுகிறார்கள். ஆனால் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. வசதியும் சுதந்திரமும் கூடிய நாடுகளில்தான் அது பெரிதாக இருந்தது. கஷ்டம் அதிகம் உள்ள இடத்தில் அழுகையும் அதிகம் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் கண்டது வேறு. அழுதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியம் உள்ள இடத்தில் மனிதர்கள் கூடுதலாக அழுகிறார்கள் என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஹார்மோன் மட்டுமே காரணம் என்றால் நாட்டுக்கு நாடு இடைவெளி இப்படி மாறியிருக்காது.

நாம் ஆண் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம் என்பதை 1976இல் வந்த ஓர் ஆய்வு பளிச்சென்று காட்டுகிறது. ஜான் காண்ட்ரியும் சாண்ட்ரா காண்ட்ரியும் செய்தது. பெட்டியைத் திறந்தால் துள்ளி எழும் பொம்மை ஒன்றைப் பார்த்து ஒரு குழந்தை மிரண்டு அழுகிறது. அந்தப் படக்காட்சியைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் இது ஆண் குழந்தை என்றார்கள், சிலரிடம் பெண் குழந்தை என்றார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். பெண் என்று நம்பியவர்கள் ‘பயந்து அழுகிறது’ என்றார்கள். ஆண் என்று நம்பியவர்களில் அதிகம் பேருக்கு அது ‘கோபத்தில் அழுவதாக’த் தெரிந்தது. பயந்துபோன பிள்ளையை நாம் தூக்கி அணைப்போம். கோபப்படும் பிள்ளையை அப்படியே விட்டுவிடுவோம், ‘தானா அடங்குவான்’ என்போம். பேச்சு வருவதற்கு முன்பே ஒரு பையனின் பயத்தைக் கோபம் என்று பெயர் மாற்றிவிடுகிறோம். முப்பது வருடம் கழித்து அவனே தன் பயத்தையும் துக்கத்தையும் கோபமாகத்தான் வெளியே எடுக்கிறான் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? துக்கம் தாங்காமல் தட்டை வீசியெறிந்தவனை ‘ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும்’ என்று மன்னிக்கிறோம். அதே துக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் எத்தனை பேர் மன்னித்திருப்பார்கள்?

‘சிரிக்கிற பொம்பளையையும் அழுகிற ஆம்பளையையும் நம்பாதே’ என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதை நான் மனமார வெறுக்கிறேன். ஒரே வரியில் ஒருத்தியின் சந்தோஷத்தையும் ஒருவனின் துக்கத்தையும் பொய்யாக்கிவிடுகிறது. அழுகிற ஆணைப் பலவீனன் என்றுகூட அது சொல்லவில்லை, ஏமாற்றுக்காரன் என்கிறது. அழுவதற்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழி இது: கண் பனிப்பது, கலங்குவது, விசும்புவது, விம்முவது, தேம்புவது, கேவுவது, குமுறுவது, கதறுவது. கேவலுக்கும் விம்மலுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் யாருக்கும் காதிலேயே தெரியும். ஆனால் செய்தியிலோ கதையிலோ ஆண் என்றால் பெரும்பாலும் ‘கண் கலங்கினார்’, ‘குரல் தழுதழுத்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதைத் தாண்டினால் உடனே ‘குழந்தை மாதிரி அழுதார்’, ‘பெண் மாதிரி அழுதார்’ என்று எழுதுவோம். ஒரு ஆண் ஆணாகவே அழலாம் என்பதற்கு நம் பேச்சில் ஒரு சொற்றொடர்கூட இல்லை.

பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைக்கிறது. அழுகை பிறக்கும் இடமாக நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலை தளர்வது, இல்லாமை. இந்த நான்கில் ஒன்றையும் பெண்ணுக்கு என்று அது ஒதுக்கவில்லை. என்னிடம் வந்து அழுத ஆண்களை நினைத்துப் பார்த்தால் எல்லோரும் இந்த நான்குக்குள் வந்துவிடுகிறார்கள். மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் திட்டியதைச் சொல்லி அழுதவர் இளிவு. வேலை போனதை மூன்று மாதம் வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனவர் அசைவு. கடன் வறுமை. உங்களுடையது இழவு.

வேறு நாடுகளிலும் பழைய கதைகளில் வீரர்கள் தாராளமாக அழுதார்கள். கிரேக்கக் காவியத்தில் நண்பன் செத்தான் என்று கேட்டு அகிலீஸ் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு புரள்வான். அதனால் அவன் வீரம் குறைந்ததாகக் கவிஞன் சொல்லவில்லை. அழாத ஆண் என்ற உருவம் எல்லாக் காலத்துக்கும் பொதுவானதில்லை. 1872இல் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய டார்வின், ஆங்கிலேய ஆண்கள் மிகக் கடுமையான துக்கத்தில் தவிர அழுவதில்லை, ஐரோப்பாவின் வேறு சில பகுதிகளில் ஆண்கள் எளிதாகவே கண்ணீர் விடுகிறார்கள் என்று குறித்துவைத்தார். அடுத்தடுத்த நாடுகளுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம். அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1972இல், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கட்சிப் போட்டியில் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கி, தன் மனைவியை இழிவாக எழுதிய பத்திரிகையின் அலுவலகத்துக்கு வெளியே கொட்டும் பனியில் நின்று பேசினார். அவர் அழுததாகச் செய்தி வந்தது. முகத்தில் இருந்தது உருகிய பனிதான் என்று அவர் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். அந்தச் செய்தி அவரை விடவில்லை, போட்டியிலும் அவர் பின்தங்கிப்போனார். அவர் சொன்ன பனியும் நீங்கள் சொன்ன தூசியும் ஒன்றுதான். இன்னும் ஐம்பது வருடம் கழித்து, 2022 செப்டம்பரில் லண்டனில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் கடைசி ஆட்டம் ஆடி முடித்து அழுதார். பக்கத்தில் ஆயுள் முழுக்கப் போட்டியாளராக இருந்த நடாலும் அழுதார். இருவர் கையும் கோத்திருந்த படத்தை உலகமே பார்த்தது. யாரும் அவர்களைக் கோழை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள்: இருபது கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்கு அழுவதற்கு அனுமதி தாராளமாகக் கிடைக்கிறது. வேலை போனவனுக்குக் கிடைப்பதில்லை. பலத்தை ஏற்கெனவே நிரூபித்தவன் அழுதால் உருகுகிறோம், நிரூபிக்காதவன் அழுதால் முகம் சுளிக்கிறோம்.

‘அழுதால் பாரம் குறையும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை, ஆண்களிடம் ‘அழுதுடுங்க, சரியாயிடும்’ என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. 2008இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அழுகை அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், பெரும்பாலானோர் அழுத பிறகு மனம் தேவலை என்றார்கள். ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்கு மாற்றமே இல்லை, சுமார் பத்தில் ஒருவருக்கு முன்பைவிட மோசமானது. எப்போது தேவலையாகிறது என்று பார்த்ததில்தான் விஷயம் இருக்கிறது: பக்கத்தில் இருந்தவர் ஆறுதலாக இருந்தாரா, அழுதவர் வெட்கப்பட்டாரா என்பதைப் பொறுத்து அது மாறியது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், சோகமான படம் பார்த்து அழுதவர்கள் உடனே பார்த்தால் முன்பைவிட வாட்டமாக இருந்தார்கள். இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடத் தெளிவாக இருந்தார்கள். நீங்கள் அழுது முடித்த அடுத்த நிமிடத்திலேயே ‘இதனால என்ன லாபம், அசிங்கமாத்தான் இருக்கு’ என்று கணக்குப் பார்த்தீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

கண்ணீர் இன்னொருவர் பார்ப்பதற்காக ஏற்பட்டது. சத்தத்தை யாரும் கேட்கலாம், கண்ணீரைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க முடியும். பார்வையை மறைத்து, முகத்தைச் சிவக்கவைத்து, ‘இப்போது என்னால் தாக்கவும் முடியாது, தற்காத்துக்கொள்ளவும் முடியாது, வா’ என்று அது அழைக்கிறது. அழைப்புக்கு யாராவது வந்தால் பாரம் குறைகிறது. வரவில்லை என்றால், அல்லது வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அழைத்தவன் அடுத்த முறை அழைக்கமாட்டான். ஆண்கள் ஏன் அழுவதில்லை என்று எல்லோரும் ஆண்களைப் பார்த்தே கேட்கிறார்கள். என் கேள்வி எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது. அவன் கடைசியாக அழுதபோது எதிரில் இருந்தவர் முதல் பத்து வினாடியில் என்ன செய்தார்?

உங்கள் மனைவி பயந்து நின்றார் என்று எழுதினீர்கள், அதை அருவருப்பு என்று புரிந்துகொண்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அவசரப்படாதீர்கள். ‘இவர் மனசு விட்டுப் பேசமாட்டேங்கறார்’ என்று வருடக்கணக்கில் என்னிடம் சொல்லிவந்த மனைவிகளே, கணவர் ஒருநாள் உடைந்தபோது கை கால் உதறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் அதே பாடத்தைப் படித்து வளர்ந்தவர்கள். வீட்டில் ஒருவர் தூண் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, தூண் ஆடினால் கூரையைத்தான் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு சாதாரண நேரத்தில், நீங்கள் அழாத நேரத்தில், அவரிடம் சொல்லுங்கள்: “அன்னைக்கு அப்பா நினைப்பு வந்துடுச்சு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்தா போதும்.” என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததுதான் பெரும்பாலும் அந்தப் பயம். ஒரு வேலை கொடுத்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

மற்ற வாசகர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு ஆண் உங்கள் முன் அழுதால் காரணம் கேட்காதீர்கள், தைரியம் சொல்லாதீர்கள், ‘நீயே இப்படி அழுதா?’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அறிவுரை எதுவும் அப்போது காதில் ஏறாது. நகராமல் இருங்கள். கை வைக்கலாம் என்று தோன்றினால் முதுகில் வையுங்கள், தட்ட வேண்டாம். தட்டினால் ‘சரி, போதும்’ என்ற அர்த்தம் வந்துவிடுகிறது.

அடக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1997இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலரிடம் படக்காட்சிகளைக் காட்டும்போது உணர்ச்சி முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முகத்தில் தெரியாமல் ஒளிக்க முடிந்தது. உள்ளே இருந்த வருத்தம் மட்டும் துளியும் குறையவில்லை, இதயமும் இரத்தக் குழாய்களும் கூடுதலாக உழைத்தன. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடக்குவதற்கு விலை யார் அடக்கினாலும் உண்டு. ஆண்கள் அதிகம் அடக்குவதால் அதிகம் கொடுக்கிறார்கள்.

அந்த விலை சில சமயம் உயிராகவே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 2019 கணக்கில் லட்சம் ஆண்களுக்கு 12.6 பேர், லட்சம் பெண்களுக்கு 5.4 பேர். அழாததுதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் எப்போதுமே இல்லை. ஆனால் உதவி கேட்கத் தெரியாமல் வளர்க்கப்பட்டவர்கள் கடைசி வரை உதவி கேட்பதில்லை என்பதை என் தொழிலில் கண்ணெதிரே பார்த்துவிட்டேன். ஆண்களிடம் மனச்சோர்வு பல சமயம் சோகமாகத் தெரியாது. எரிந்து விழுவது, குடி கூடுவது, தூக்கம் கெடுவது, வேலையே கதி என்று கிடப்பது என்று வேறு வேஷத்தில் வரும். உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும், அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, அழாத ஆண்களுக்காகவும் பேச வேண்டும். இப்போதெல்லாம் ‘அழுதால்தான் மனிதன்’ என்று ஒரு புது அதட்டல் கிளம்பியிருக்கிறது. சிலருக்குக் கண்ணீர் இயல்பாகவே குறைவு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களில் சிலருக்கு அழ நினைத்தாலும் வராது. இறந்தவரின் கைக்கடிகாரத்தை எடுத்துத் துடைத்துச் சாவி கொடுத்து வைப்பதிலேயே துக்கத்தைத் தீர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை உலுக்கி அழவைக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை நடுவில் மருத்துவர் அழுகையைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். தள்ளிப்போட்டதை என்றைக்காவது எடுத்துப் பார்க்க ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்தால் போதும்.

இனி உங்கள் மகன். இதை எழுத உட்கார்ந்ததற்கே அந்த ஒரு வரிதான் காரணம்.

எனக்கு எட்டு வயது இருக்கும். என் பாட்டி இறந்து சில நாள் ஆகியிருந்தது. ராத்திரி விழித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கொல்லைப்புறத்தில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா குழாயடியில் குனிந்து நின்றிருந்தார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவர் கை தண்ணீருக்கே போகவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று இரண்டு கை நிறையத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். “போய்ப் படு” என்றார், கோபமாக. அன்றைக்கு எனக்கு மூன்று விஷயம் புரிந்தது. அப்பாவும் அழுவார். அழுதால் குழாயைத் திறந்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் அது பார்த்தவன் தப்பு. இருபத்தைந்து வருடம் கழித்து அவர் இறந்தபோது, நானும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன். இத்தனைக்கும் அப்போதே இந்தத் தொழிலுக்குப் படித்துக்கொண்டிருந்தவன்.

‘தூசி’ என்றால் ஐந்து வயதுப் பிள்ளை நம்பிவிடுவான் என்று நினைக்காதீர்கள். தூசி விழுந்தால் கண்ணைக் கசக்குவார்கள், தோள் குலுங்காது என்று அவனுக்குத் தெரியும். அவன் தெரிந்துகொண்டது, இதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதை. நீங்கள் பெரிய தப்பு செய்துவிடவில்லை தம்பி, இந்தப் பொய்யைச் சொல்லாத அப்பா அபூர்வம். ஒரு வாரம்தான் ஆகிறது, திருத்திவிடலாம். தனியாக உட்காரவைத்து விளக்கமெல்லாம் வேண்டாம். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அன்னைக்குக் கேட்டியே, கண்ணுல தூசி இல்லடா. தாத்தா ஞாபகம் வந்துச்சு, அழுகை வந்துடுச்சு. இப்ப பரவாயில்லை” என்று சொல்லுங்கள். அழுததற்குக் காரணம் அவன் இல்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், அப்பா மறுபடி பழையபடி இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். ஐந்து வயதுக்கு அது போதும். அவன் “ம்” என்று சொல்லிவிட்டுப் பொம்மையைத் தொடர்ந்து உருட்டலாம். இல்லையென்றால், “எனக்கும் தாத்தா ஞாபகம் வருது” என்று சொல்லலாம். சொன்னால், உடனே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்கவைக்கப் பார்க்காமல், “என்ன ஞாபகம் வருது?” என்று கேளுங்கள்.